கவுண்ட் எவ்வளவு?

ராஜபாளையம் என்று சொன்னதும் உங்கள் மனசில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா ஹாஸ்டலில் இதே கேள்விதான். "ராஜபாளையமா? உங்க வீட்ல எத்தனை நாய்?" எங்கள் வீட்டில் நாய் கிடையாது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ராஜபாளையம் நாய் கிடையாது. மில்லில் ஷிஃப்ட் பார்க்கிற சம்பளத்தில் அந்த நாய்க்குக் கறி போட்டு வளர்க்க ஆரம்பித்தால், மாதக் கடைசியில் அது எங்களை வளர்க்க வேண்டி வரும். சரி, அம்மாவுக்கு எந்த ஊர் என்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பேன். "அப்ப பால்கோவா எங்க?" ஆக, நாய்க்கும் பால்கோவாவுக்கும் நடுவே உள்ள 11 கிலோமீட்டருக்குள் என் மொத்த அடையாளமும் முடிந்துவிடுகிறது.

பெருமை இல்லாமல் இல்லை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று எங்கள் ஊர்க்காரர். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொன்னார். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வந்தது. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் எங்களுடையதுதான் என்று அம்மாச்சி ஊரில் யாரைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்வார்கள். ரெண்டு ஊருக்கும் புகழுக்குக் குறைவில்லை. ஆனால் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் உங்களை வரவேற்கிற நாய் தபால்தலை நாய் இல்லை. செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடங்கி, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பாதி கண்ணைத் திறந்து பார்க்கும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதோடு, இந்த வருஷம் நாட்டில் எல்லோரையும் பிடித்து ஆட்டுகிற ஒரு வேலையைப் பற்றியும்: எண்ணுவது.

நாயிலிருந்தே தொடங்குகிறேன். நான் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் வருஷம். ப்ராஜெக்ட் ஃபேஸ் ஒன் முடிந்துவிட்டது, ஃபேஸ் டூ தலைக்கு மேல் தொங்குகிறது. தலைப்பில் ஏ.ஐ. என்ற ரெண்டு எழுத்து இல்லாவிட்டால் ரிவ்யூவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பதால், "தெரு நாய்களைப் படத்திலிருந்து கண்டறிந்து எண்ணுதல்" என்று ஒன்றை எடுத்தேன். ஊர் பேருக்கும் பொருத்தமாக இருக்கட்டுமே என்று கைடும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்தத் துறையில் நாய்களுக்கென்றே புகழ்பெற்ற ஒரு படத் தொகுப்பு இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டு டாக்ஸ். 120 வகை, 20,580 படங்கள். உலகத்தில் பேர் வாங்கிய நாய்களெல்லாம் அதில் உண்டு. மெக்ஸிகோவின் முடியில்லாத நாய் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிங்கோ உண்டு. நம் காட்டுச் செந்நாய்கூட உண்டு. அதாவது, எங்கள் ஊருக்கு மேற்கே மலை ஏறினால் இருக்கிற செந்நாயை அந்தத் தொகுப்புக்குத் தெரியும்; மலையடிவாரத்தில், தபால்தலை வரை போன ராஜபாளையம் நாயைத் தெரியாது. அந்தத் தொகுப்பில் பயிற்சி கொடுத்த மாடலுக்கு ஒரு அசல் ராஜபாளையம் நாயின் படத்தைக் காட்டினேன். கொஞ்சமும் தயங்காமல், ஸ்பெயின் பக்கத்துத் தீவு ஒன்றின் வேட்டை நாய் என்றது. ஊர் பேரை வைத்துப் பெருமைப்பட்டது போதும் என்று அன்றைக்கு லேப்டாப்பை மூடினேன்.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. வகையெல்லாம் வேண்டாம், நாய் என்று கண்டுபிடித்தால் போதும் என்று கோகோ தொகுப்புக்குப் போனேன். 80 வகைப் பொருட்கள் அதில். யானை உண்டு, கரடி உண்டு, வரிக்குதிரை உண்டு, ஒட்டகச்சிவிங்கி உண்டு, செம்மறி உண்டு. வெள்ளாடு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் எடுத்த வீடியோவைப் போட்டால், போஸ்டர் தின்றுகொண்டிருந்த வெள்ளாட்டை ஒரு ஃபிரேமில் செம்மறி என்றது, அடுத்த ஃபிரேமில் நாய் என்றது, அது தலையைத் திருப்பியதும் மாடு என்றது. என் முதல் கணக்கில் அந்தத் தெருவில் இருந்த நாய்களில் பாதி, மே என்று கத்தின.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. அவர் இருபத்தைந்து வருஷமாக ஸ்பின்னிங்கில் இருக்கிறார். எங்கள் வீட்டில் கவுண்ட் என்றால் வேறு அர்த்தம். நூலின் சன்னத்துக்கு கவுண்ட் என்று பேர். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்ட் எடை வருமோ, அதுதான் அந்த நூலின் கவுண்ட். எண் கூடக்கூட நூல் மெலிசாகும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்ட், அதாவது அரை கிலோவுக்கும் குறைவு, எடுத்து நீட்டினால் 33,600 கெஜம். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். எங்கள் வீட்டு வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அம்மாச்சி வீட்டுத் திண்ணையைச் சுற்றித் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். சின்ன வயசில் அப்பா இதைச் சொன்னபோது கதை விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

"டேய் தம்பி, எண்ணுறதெல்லாம் அப்புறம். நீ என்ன யூனிட்ல எண்ணுற? அத மொதல்ல சொல்லு" என்றார் அப்பா. "ஒரு நாய்தான்ப்பா யூனிட்" என்றேன். "எது ஒரு நாய்?" என்று கேட்டுவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எம்.இ. படிக்கிறவனுக்கு எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் கொடுத்த ரிவ்யூ கமென்ட். அதன் அர்த்தம் புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆனது.

அந்த ரெண்டு மாசமும் நாடே எண்ணிக்கொண்டிருந்தது. நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று எழுத்தை டீக்கடையில் உச்சரிக்காத ஆள் இல்லை. ஃபார்ம் வீட்டுக்கு வந்தபோது நான் ஹாஸ்டலில் இருந்தேன். குடும்பத்தில் வயது வந்த யாராவது கையெழுத்துப் போடலாம் என்பதால் எனக்காக அம்மா போட்டாள். அதற்கு முன்னால் வீட்டில் நடந்ததுதான் ஆராய்ச்சி. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? அப்பா பேரில் ஒரு எழுத்து கூடுதல், தாத்தா பேரில் ஒரு எழுத்து குறைவு, கதவு எண்ணோ அந்தக் காலத்து எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோனில் பக்கம் பக்கமாகத் தள்ளி, கடைசியில் ஒரு பக்கத்தில் அப்பா கிடைத்தார். மில்லில் போனஸ் போட்ட நாளில்கூட அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை என்று அம்மா சொன்னாள். நான் அப்பாவோடு தொடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பேர் அதில் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், ரெண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. சரி, தப்பு என்று கட்சிகள் பேசட்டும். எனக்கு மனசில் நின்றது அந்தச் சட்டச் சொல்தான்: "வழக்கமாக வசிப்பவர்". வருஷத்தில் பத்து மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுகிற நான் வழக்கமாக எங்கே வசிக்கிறேன்? துவைக்க வேண்டிய துணி ராஜபாளையத்தில் வசிக்கிறது. துவைத்த துணி ஹாஸ்டலில் வசிக்கிறது. 2011-க்குப் பிறகு எடுக்கப்படாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வருகிறது. 2027 மார்ச் 1 அதற்கான தேதி. அன்றைக்கு என்னை எந்த வாசலில் எண்ணுவார்கள் என்பது, எந்த கம்பெனி எனக்கு வேலை கொடுக்கும் என்பதைப் பொறுத்தது. கம்பெனிகள் இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை.

மனிதர்கள் மட்டுமா? எங்கள் மலையில் எல்லோருக்கும் கணக்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆக்கினார்கள். புலிக்கு உடம்பு வரிதான் ஆதார் அட்டை. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. கேமராவில் விழுந்த படங்களை ஒப்பிட்டு ஆள் ஆளாக எண்ணிவிடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்து வாழ்கிற புலிக்குக் கணக்கு இருக்கிறது. நம் வாசலிலேயே படுத்திருக்கிற நாய் எத்தனை என்று கேட்டால் தெருவுக்குத் தெரு ஒரு எண் சொல்வார்கள். பிடிக்காதவர் "நூறு இருக்கும்" என்பார். சோறு வைக்கிறவர் "நாலஞ்சுதான்" என்பார்.

இந்த நாய்க்காகத்தான் இந்த வருஷம் உச்ச நீதிமன்றம் மூன்று தடவை நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆகஸ்ட் 11-ல், டெல்லிப் பகுதியின் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதும் ஆக்ரோஷமானதும் மட்டும் கூடாது, கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்குங்கள். நவம்பர் 7-ல், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கிற நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப் ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நானும் போட்டேன். எனக்கு டேட்டாசெட் தெரியுமே, அந்தத் தெம்பு.

நவம்பர் கடைசி ஞாயிறு. ஸ்டடி ஹாலிடேஸில் அம்மாச்சி வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், மூன்றாம் வகுப்பு, கடைக்குப் போய்விட்டு ஓடி வந்தவனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கடித்தது கருப்பன். கருப்பன் யார் நாய் என்று கேட்டால் தெருவில் பதில் கிடையாது. ஆனால் காலையில் அம்மாச்சி வைக்கிற பழைய சோறு அவனுடையது. அவன் தூக்கம் டீக்கடை வாசலில். இரவுக் காவல் ரேஷன் கடைப் படியில்.

அதற்கடுத்த பத்து நிமிஷத்தில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு பெரியம்மா மஞ்சள் பொடியோடு வந்தார். இன்னொருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். அம்மாச்சி ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு, பையனைக் குழாயடியில் உட்காரவைத்து, துணி சோப்பைப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். "இன்னும், இன்னும்" என்று கால் மணி நேரம் தண்ணீர் விட்டாள். அதுதான் சரி. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிஷம் கழுவினால் காயத்தில் இருக்கிற கிருமியில் பெரும்பகுதி போய்விடும். மஞ்சளும் சுண்ணாம்பும் காயத்தை மூடும், கிருமியை உள்ளே வைத்து. இதெல்லாம் அம்மாச்சி எந்தத் தொகுப்பில் படித்தாள் என்று கேட்டேன். "ரெண்டு மாடு வச்சு இருவது வருசம் பால் ஊத்துனேன்யா. மாட்ட நாய் கடிச்சா மாட்டு டாக்டர் சொல்லுவாருல்ல" என்றாள். அவள் ஊற்றிய பாலெல்லாம் பால்கோவாக் கடைக்குத்தான் போனது என்பது வேறு கதை.

அரசு மருத்துவமனையில் உடனே ஊசி போட்டார்கள். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று தோலுக்குள் நான்கு தவணை. காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தினார்கள். தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று நம் தாத்தாக்கள் பயமுறுத்திய காலம் போய்விட்டது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மருந்து கிடையாது, ஏறக்குறைய மரணம்தான். அறிகுறி வருமுன் ஊசியை முழுசாகப் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். இவ்வளவு தெளிவான நோய் வேறு ஒன்று இருக்குமா தெரியவில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. மகன் தண்ணீர் குடிக்கிறானா, குடிக்கிறானா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் காலையில் தெருக்கூட்டம். "இன்னைக்கு ராத்திரியே சோலிய முடிச்சிரணும்" என்றார் ஒருவர். பரோட்டாவில் வைப்பதா, கறியில் வைப்பதா என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. எதிர்த்தரப்பில் "வாயில்லா ஜீவன்" என்று ஒரு குரல். இந்த வாட்ஸ்அப் சண்டையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை ஆள்கள் ரத்தமும் சதையுமாக நின்றார்கள், அவ்வளவுதான். அப்போது டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும். கடிக்கும்போது அதற்கு வெறிநோய் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் அது நோய் கண்டு செத்துவிடும். பத்து நாள் தாண்டி நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் அந்தக் கிருமி இல்லை. ஊசியை எப்படியும் நிறுத்தக் கூடாது, அது வேறு. ஆனால் அந்த அம்மாவின் தூக்கம் கருப்பனிடம்தான் இருக்கிறது. அவனை இன்றைக்கே கொன்றுவிட்டால் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

கூட்டம் அமைதியானது. கருப்பன் மேல் இருந்த கோபம் குறைந்ததாக நினைக்காதீர்கள். அடுத்த பத்து நாளும் கருப்பன் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதில் அவனைக் கொல்லச் சொன்னவரே முன்னால் நின்றார். ராத்திரி ரேஷன் கடைப் பக்கம் டார்ச் அடித்து "இருக்கான், இருக்கான்" என்று வந்து சொல்வார். ஏழாம் நாள் கருப்பன் சோறு சாப்பிடவில்லை. தெருவே பதறிப்போனது. மாலையில்தான் தெரிந்தது, ஒரு கல்யாண வீட்டு எச்சில் இலையில் மூக்கு முட்டச் சாப்பிட்டிருக்கிறான். பத்தாம் நாள், அந்த அம்மா முதல் தடவையாகத் தன் வாசலில் நின்று அவனைப் பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் அம்மாச்சி கழுத்தில் துண்டைக் கட்டி, ஆட்டோ வைத்து, கருப்பனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தாள். ஆட்டோக்காரர் போக 100, வர 150 கேட்டார். "வாரப்ப கோவமா இருப்பான்ல" என்று காரணம் சொன்னாராம்.

அப்புறம்தான் என் ப்ராஜெக்டை எனக்கே முதல் தடவையாகப் புரிந்தது. வெறிநோய் ஒரு ஊரில் பரவாமல் நிற்க வேண்டுமானால் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுபது சதவீதம் சரி, எதில் எழுபது? மொத்தம் தெரியாமல் சதவீதம் ஏது? கருத்தடை செய்யவும் காப்பகம் கட்டவும் ஊசி வாங்கவும் இந்த ஒரு எண்தான் அடிப்படை. நூறு என்கிறவரையும் நாலஞ்சு என்கிறவரையும் வைத்துக்கொண்டு எந்த நகராட்சியும் டெண்டர் விட முடியாது.

எண்ணுவதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஏ.ஐ.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏரியில் மீன் எத்தனை என்று தெரிய டென்மார்க்கின் பீட்டர்சனும், வாத்து எத்தனை என்று தெரிய அமெரிக்காவின் லிங்கனும் பயன்படுத்தியது. அவர்களுக்கு முன்பே, 1802-ல், லாப்லாஸ் பிறப்புப் பதிவேடுகளை வைத்து ஃபிரான்ஸின் மக்கள்தொகையை இதே யோசனையில் கணக்கிட்டார். உதாரணத்துக்கு, முதல் நாள் நடந்து போய் 40 நாய்களைப் படம் எடுக்கிறீர்கள். மறுநாள் அதே பாதையில் 30 நாய்களைப் பார்க்கிறீர்கள். அதில் 12 நேற்றே பார்த்தவை. அப்படியென்றால் நேற்று நீங்கள் பார்த்த 40, மொத்தத்தில் முப்பதுக்குப் பன்னிரண்டு பங்கு, அதாவது நாற்பது சதவீதம். மொத்தம் 100. எல்லா நாயையும் பார்க்காமலேயே பார்க்காத நாய்களையும் எண்ணிவிடலாம். அழகான கணக்கு. இதைவிடக் குறைந்த செலவில் ஒரு எம்.இ. ப்ராஜெக்ட் கிடையாது: ஒரு நோட்டு, ஒரு ஃபோன், ரெண்டு கால்.

மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு நாய்கள் குப்பையைத் தேடி வெளியே வரும், வண்டி இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி ஐந்து மணிக்குத் தனியாக நடக்க முடியாது. ஆண்டாள் ஊர் அது. ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலில் கோலம், தலைக்கு மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள் கோயிலுக்கு. ஊரே ஒரு பக்கம் போக, நான் மட்டும் குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். "தம்பி என்ன தொலச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். "நாய் எண்ணுறேன்" என்றேன். "எம்.இ.யா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

அங்கேதான் அப்பாவின் கேள்வி வந்து நின்றது. எது ஒரு நாய்? கழுத்தில் பட்டை இருக்கிறது, தெருவில் திரிகிறது. அது வீட்டு நாயா, தெரு நாயா? பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி போட்டால் "அது எங்க நாய் இல்லப்பா" என்கிறவர்களும் அவர்கள்தான். கருப்பனுக்கு அம்மாச்சி சோறு போடுகிறாள், ஆட்டோவில் கூட்டிப்போய் ஊசி போடுகிறாள். ஆனால் அவன் வீடு அவள் வீடு இல்லை. 2023-ல் வந்த கருத்தடை விதிகள் இந்த நாய்களைத் தெரு நாய் என்று சொல்லாமல் சமூக விலங்கு என்ற பொருளில் ஒரு பேர் வைத்திருக்கின்றன. பேர் நல்ல பேர்தான். சமூகம் என்றால் யார், கடித்தால் யார் வருவது என்பதுதான் தெருக்கூட்டத்தில் முடிவாகாத விஷயம். வாக்காளர் பட்டியலில் நான் மாட்டிக்கொண்ட அதே இடம். "வழக்கமாக வசிப்பவர்" என்றால் கருப்பன் ரேஷன் கடைப் படியில் முதல் வாக்காளர்.

கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். புலிக்கு வரி, நாய்க்கு அந்த வெட்டு. ரெண்டு காலை நடையில் நான் பார்த்த காது வெட்டுகளை எண்ண என் ஒரு கை விரல்கள் போதும். அந்த எண்ணைத்தான் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். மாடல் துல்லியம் தொண்ணூறுக்கு மேல் வருகிறதா என்று ரிவ்யூவில் கேட்பார்கள். வெள்ளாட்டைக் கழித்தால் வரும்.

நடையை முடித்து வந்ததும் அம்மாச்சியிடம் பெருமையாக என் கணக்கைச் சொன்னேன். அவள் தெருவுக்கு மட்டும் ஒரு எண் வைத்திருந்தேன். அவள் கோலப்பொடிக் கையோடு யோசித்துவிட்டு, "ரெண்டு கொறையுதே" என்றாள். கருப்பன், செவலை, நொண்டி, வக்கீல் (எல்லாவற்றுக்கும் குரைப்பான்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விரல் மடக்கினாள். விடுபட்ட ரெண்டு, சாக்கடைக் கல்லுக்கு அடியில் குட்டி போட்டுப் படுத்திருக்கிற தாயும், வயசாகி நடமாட முடியாமல் லாரி ஷெட்டில் கிடக்கிற கிழடும். அதிகாலையில் வெளியே வராதவை. என் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லா நாயும் கண்ணில் படுகிற வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். தாய்க்கும் கிழத்துக்கும் அது இல்லை. பெரிய கணக்கெடுப்புகளில் விடுபடுகிற மனிதர்களும் அநேகமாக இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பக்கத்து வீட்டுப் பையன் நான்காவது ஊசியையும் போட்டு முடித்திருப்பான். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டது அவனேதான். கருப்பன் இருக்கிற பக்கம் அவன் இன்னும் போவதில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. தெருவில் நாய் வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டால், அந்தப் பையன் பயமில்லாமல் கடைக்குப் போகிற தெரு வேண்டும் என்பேன். அதற்குக் காது வெட்டும் ஊசியும் எழுபது சதவீதத்தைத் தாண்ட வேண்டும். தெரு முனைக் கறிக்கழிவும் எச்சில் இலையும் ஒழிய வேண்டும், ஏனென்றால் எவ்வளவு சோறோ அவ்வளவு நாய். ஒரு தெரு நாய்களை மொத்தமாகத் தூக்கினாலும் அந்தச் சோறு அங்கேயே கிடந்தால், ஊசி போடாத அடுத்த தெரு நாய் வந்து உட்காரும்.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால் எத்தனை நாய் இருக்கிறது? "நிறைய மச்சி" என்று பதில் அனுப்பாதீர்கள். ரெண்டு நாள் காலையில், ஒரே பாதையில், ஃபோனோடு நடங்கள். முதல் நாள் எத்தனை பார்த்தீர்கள், மறுநாள் எத்தனை பார்த்தீர்கள், அதில் எத்தனை மறுபடி பார்த்தவை, எத்தனை காதில் வெட்டு இருந்தது, நான்கு எண் போதும். மெஸ் அக்காவிடம் கேட்டு விடுபட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பேரோடு தெரிந்திருக்கும். ஆடு இருந்தால் கையால் கழித்துவிட்டு அனுப்புங்கள். முதலில் அனுப்புகிற பத்துப் பேருக்கு ஜனவரியில் பால்கோவா. ராஜபாளையம் நாய் கேட்காதீர்கள்.